காண்டாமிருகக் காட்டுக்கு ஒரு பயணம்

அறுபத்தெட்டு வயதில் ஆப்பிரிக்கக் காட்டுக்குப் புறப்படுகிறேன் என்று நான் சொன்னபோது, உறவினர் பலரும் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு என் மனைவியின் முகத்தைப் பார்த்தார்கள். "காசி, கயா, பத்ரி எல்லாம் முடிந்துவிட்டதா? இப்போது மிருகங்களைப் பார்க்கப் போகிறாயா?" என்று என் அண்ணா கேட்டார். பத்ரி பாக்கி இருப்பது உண்மை. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

உண்மையில் ஆசை என் மனைவியுடையது. ஊராட்சிப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர். சுவரில் தொங்கிய விலங்குப் படத்தைச் சுட்டிக்காட்டி, இது வரிக்குதிரை, இது ஒட்டகச்சிவிங்கி, இது காண்டாமிருகம் என்று எத்தனையோ குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்த அன்று மாலை, மெல்லிய குரலில் சொன்னார்: "என்னங்க, ஒரு பையன் கேட்டான், டீச்சர் நீங்க இதையெல்லாம் நேர்ல பார்த்திருக்கீங்களான்னு. இல்லைடா கண்ணா, படத்துலதான்னு சொன்னேன். அது ஏனோ இப்ப ஞாபகம் வருது."

முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் நான். கடன் விண்ணப்பம் வந்தால் கோப்பு திறப்பது பழக்கம். அந்த வாரமே இந்த விண்ணப்பத்துக்கும் ஒரு கோப்பு திறந்தேன். பயணத்துக்குத் தயாராக எங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பிடித்தது. அந்தத் தயாரிப்பில் நான் கற்றதை, என்னைப் போன்ற மூத்த அன்பர்களுக்குச் சொல்லிவைக்கலாம் என்றே இதை எழுதுகிறேன்.

எந்தக் காடு?

முதலில் ஒரு பயண முகவரை அணுகினேன். பெயர் வேண்டாம். ஒன்பது நாட்களில் ஐந்து ஊர்கள், இரண்டு நாடுகள், நான்கு உள்நாட்டு விமானங்கள் என்று வண்ணத்தாளில் அச்சிட்டுக் கொடுத்தார். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற ஐந்து பெரும் விலங்குகளையும் "கட்டாயம் பார்த்துவிடலாம்" என்றார். முன்பணம் செலுத்த இரண்டு நாள் அவகாசமும் தந்தார். காட்டு விலங்கை எவரும் கட்டாயமாகக் காட்ட இயலாது. அவசரப்படுத்தும் விண்ணப்பதாரருக்கு அவசரமாகக் கடன் கொடுக்கக் கூடாது என்பது வங்கிப் பாடம். முன்பணம் செலுத்தாமல் எழுந்து வந்தேன்.

பிறகு நானே படிக்கத் தொடங்கினேன். தென்னாப்பிரிக்கா என்றதும் எல்லோரும் சொல்வது க்ரூகர் தேசியப் பூங்கா. ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெருங்காடு அது, பார்க்கத் தகுந்ததே. ஆனால் அப்பகுதியில் மலேரியா உண்டு; மழைக்காலத்தில் மிகுதி. மலேரியாவைத் தடுக்கும் மாத்திரைகளுள் சில, இதயத்துக்கு எடுத்துக்கொள்ளும் மருந்துகளோடு ஒத்துப்போகாதவை. அந்த ஒரு காரணத்தாலேயே க்ரூகரைக் கோப்பிலிருந்து நீக்கினேன்.

எஞ்சியது க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் உள்ள ஹ்லுஹ்லுவே–இம்ஃபோலோசி காப்புக்காடு. எழுத்தில் மிரட்டும் இந்தப் பெயரை அங்குள்ளோர் 'ஷ்லுஷ்லுவே' என்பதற்கு நெருக்கமாக உச்சரிக்கிறார்கள். பரப்பு சுமார் 960 சதுர கிலோமீட்டர். மலேரியா அச்சம் மிகக் குறைவு. டர்பன் நகரிலிருந்து காரில் மூன்றரை மணி நேரத்தில் சென்றுவிடலாம். உள்நாட்டு விமானம் வேண்டியதில்லை. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம் என்று அந்தச் சுவர்ப்படத்தின் மூன்றும் அங்கே உண்டு.

ஆக, டர்பனில் மூன்று இரவுகள், காட்டில் நான்கு இரவுகள், திரும்பும்போது மீண்டும் டர்பனில் ஓர் இரவு. இதுவே எங்கள் திட்டம். "அவ்வளவு தூரம் போய் ஒரே காடா?" என்று மகன் கேட்டான். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, எந்தக் கோயிலில் என்ன பார்த்தோம் என்பது மறுநாளே நினைவில்லாமல் போன அனுபவம் எங்களுக்கு உண்டு. ஓரிடத்தில் அமர்ந்து காத்திருப்பது என்று முடிவு செய்தோம்.

மருத்துவரும் காப்பீடும்

விமானச்சீட்டு வாங்குமுன் இதய மருத்துவரிடம் சென்றோம். அவர் சோதனைகள் செய்துவிட்டு, "போகலாம், ஆனால் ஓடக்கூடாது" என்றார். என் மனைவி, "திருப்பதி வரிசையில ஆறு மணி நேரம் நிற்கிறேன் டாக்டர். கார்ல உட்கார்ந்திருக்க மாட்டேனா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே மூன்று அறிவுரைகள் சொன்னார். மருந்துகள் அனைத்தும் கைப்பையில் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் எழுதியிருக்க வேண்டும். காட்டுக்குள் வண்டியில் மூன்று மணி நேரம் இறங்க முடியாது என்பதால், சிறுநீர் பிரியும் மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்த மூன்றாவது அறிவுரையை எந்தப் பயண நூலிலும் நான் படித்ததில்லை.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. தென்னாப்பிரிக்காவில் அந்நோய் இல்லை. ஆனால் எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகளின் வழியாகச் செல்லும் விமானத்தைத் தேர்ந்தெடுத்தால், போகும்போதும் திரும்பி நம் நாட்டில் இறங்கும்போதும் தடுப்பூசிச் சான்றிதழ் பற்றிய கேள்வி எழலாம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அந்தத் தடுப்பூசியை முதன்முறையாகப் போடும்போது கடுமையான பக்கவிளைவுகள் வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவே சில ஆயிரம் ரூபாய் கூடினாலும், துபாயில் மாறிச் செல்லும் விமானத்தில் சென்னையிலிருந்து டர்பனுக்குச் சீட்டு வாங்கினேன். அந்தச் சீட்டோடு சக்கர நாற்காலி உதவியையும் பதிவு செய்துவிட்டேன். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, வெட்கப்படவும் வேண்டியதில்லை.

மூன்றாவது காப்பீடு. என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர், வெளிநாடு சென்றபோது விண்ணப்பத்தில் தம் இரத்த அழுத்தத்தை மறைத்துவிட்டார். பிரீமியம் கொஞ்சம் மிச்சமாயிற்று. அங்கே நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர்ந்தபோது, அந்தக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. ஓய்வூதியப் பணப்பலனில் பெரும்பகுதி அந்த மருத்துவமனைக் கணக்கில் போயிற்று. நான் ஸ்டென்டையும் எழுதினேன். என் சர்க்கரையையும் எழுதினேன். இரண்டு நிறுவனங்கள் மறுத்தன. மூன்றாவது நிறுவனம் கூடுதல் பிரீமியத்தோடு ஒப்புக்கொண்டது. பாலிசியின் சிறிய எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்து, முன்பே இருந்த நோய்க்கு எந்த அளவுக்குப் பொறுப்பேற்கிறார்கள் என்ற பத்தியை மட்டும் மூன்று முறை படித்தேன். அன்பர்களும் அப்படியே செய்யுங்கள்.

விசா வாங்கும்போது ஒரு வேடிக்கை. எத்தனையோ பேருக்குக் கணக்கு அறிக்கையில் முத்திரையிட்டு, "இவர் நம் வாடிக்கையாளர்" என்று கையெழுத்திட்டுக் கொடுத்தவன் நான். இப்போது என் சொந்தக் கணக்கு அறிக்கைக்கு முத்திரை வாங்க, நான் மேலாளராக இருந்த கிளையிலேயே டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனிதனுக்கு எல்லா நாற்காலியும் ஒரு முறை வாய்க்கிறது.

பருவம், உடை, உணவு

அங்கே மே முதல் செப்டம்பர் வரை வறண்ட குளிர்காலம். புல் தாழ்ந்திருக்கும், நீர்நிலைகள் சுருங்கும், விலங்குகள் நீரைத் தேடி வரும். பார்ப்பதற்கு ஏற்ற பருவம் அதுவே. ஆனால் திறந்த வண்டியில் அதிகாலையில் செல்லும்போது குளிர் எலும்பைத் தொடும். நம் மார்கழிக்குக் கட்டும் மப்ளரும் குல்லாயும் கம்பளிச் சால்வையும் அவசியம். வெள்ளை, சிவப்பு போன்ற பளிச்சிடும் நிறங்களைத் தவிர்த்து மண்நிறத்தில் உடுத்தச் சொல்கிறார்கள். திறந்த வண்டியில் ஏறும் படி உயரமானது. முழங்கால் வலி உள்ளவர்கள் சிறு ஏணி உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். முன்னிருக்கை கிடைத்தால் குலுக்கல் குறைவு.

தாலிக்கொடியை லாக்கரில் வைத்துவிட்டு, திருமாங்கல்யத்தை மஞ்சள் சரட்டில் கோத்து அணிந்துகொண்டார் என் மனைவி. பெருநகரங்களில் நகை அணிந்து நடப்பதும், இருட்டிய பின் தெருவில் உலவுவதும் அங்கே நல்லதல்ல.

சைவ உணவுக்கு என்ன செய்வது என்பதே பலரும் கேட்கும் கேள்வி. டர்பனில் இந்திய வம்சாவளியினர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அரிசி, துவரம்பருப்பு, சீரகம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை எல்லாம் கடைகளில் கிடைக்கின்றன. ஆகவே இங்கிருந்து மூட்டை கட்ட வேண்டாம். விதை, பழம், பால்பொருள்களை அந்நாட்டுக்குள் கொண்டுசெல்லக் கட்டுப்பாடுகள் உண்டு. காட்டுக்குள் மலைமுகட்டில் இருக்கும் ஹில்டாப் முகாமில், சமையலறையோடு கூடிய குடில்கள் இருக்கின்றன. நாங்கள் அப்படியொன்றைப் பதிவு செய்து, டர்பனில் வாங்கிய அரிசியும் பருப்பும் காய்கறிகளுமாகப் போய் இறங்கினோம். ரசம் சாதமும் தயிரும் நான்கு நாட்களும் தடையின்றி நடந்தன.

ஒரு செய்தியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அந்தக் குடில்கள் புல்லால் கூரை வேய்ந்தவை. வறண்ட காற்று வேறு. உள்ளே விளக்கோ கற்பூரமோ ஏற்றக்கூடாது. திருமணமான நாள்முதல் மாலை விளக்கைத் தவறவிடாத என் மனைவிக்கு இது சற்று வருத்தமாகவே இருந்தது. வாசலில் அமர்ந்து, மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியனைப் பார்த்தபடி தோத்திரம் சொல்லி முடித்தார்.

டர்பன்: முன்னே போனவர்கள்

காட்டுக்குச் செல்லும் வழியில் டர்பனில் தங்கியது களைப்பு தீர்வதற்காக மட்டுமன்று. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் முன்னூறுக்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களோடு அங்கே கரை சேர்ந்தது. அதன்பின் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து சென்றனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் உழைத்த அவர்கள், கையில் கிடைத்த காசில் முதலில் கட்டியது கோயில்களை.

நகருக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கம்பில், கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் வழிபட்ட விநாயகர் கோயிலும் மாரியம்மன் கோயிலும் இன்றும் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தவை. அங்கே சந்தித்தவர்கள் பிள்ளை, நாயுடு, மூட்லி, கோவிந்தர் என்றெல்லாம் பெயர் சொன்னார்கள். மூட்லி என்பது நம் முதலி. கோவிந்தர் என்பது நம் கவுண்டர். எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அப்படியே நிலைத்துவிட்டன. தமிழ் பேசத் தெரியாத ஓர் அம்மையார், ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தேவாரத்தைப் பார்த்துக் கண்ணீர் மல்கப் பாடிக்கொண்டிருந்தார். அவருடைய முன்னோருக்குப் பயணக் காப்பீடு இல்லை; திரும்பும் சீட்டும் இல்லை. ஒன்றரை ஆண்டுகள் கோப்பு வைத்துக்கொண்டு பயந்த எனக்கு அங்கே சற்று நாணமாயிருந்தது.

காட்டில்

காரோடு ஓட்டுநரையும் அமர்த்தியிருந்தோம். சூலு இனத்தவர், ஐம்பது வயதிருக்கும். காலையில் எங்களைக் கண்டதும் கைகூப்பாத குறையாக, "சாவுபோனா!" என்றார். என் மனைவி திடுக்கிட்டு, "விடிஞ்சதும் விடியாததுமா என்ன வார்த்தைங்க இது?" என்று என் காதில் கேட்டார். அது சூலு மொழியில் வணக்கம் சொல்லும் வழக்கு. 'உங்களைக் கண்டோம்' என்பது அதன் பொருளாம். பொருள் தெரிந்ததும் மனைவியின் முகம் மலர்ந்தது. பிறகு நான்கு நாட்களும் அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

இந்தக் காட்டின் வரலாற்றை அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஒருகாலத்தில் சூலு அரசர்களின் வேட்டைக்களமாக இருந்த நிலம். 1895இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்புக்காடுகளுள் ஒன்று. துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரர்களால் தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகம் ஏறக்குறைய அற்றுப்போயிருந்த காலம் அது. நூறுக்கும் குறைவானவையே எஞ்சியிருந்தன. எஞ்சிய புகலிடம் இந்த இம்ஃபோலோசிப் பள்ளத்தாக்கு. இங்கே காத்துப் பெருக்கியவற்றை, 1960களில் இயான் பிளேயர் என்ற வனக்காவலரும் அவருக்குக் காட்டைக் கற்பித்த மகூபு ந்டோம்பேலா என்ற சூலு பெரியவரும் அவர்களுடைய குழுவினரும் மயக்க மருந்து செலுத்திப் பிடித்து, க்ரூகர் உள்ளிட்ட பல இடங்களுக்கு அனுப்பிக் குடியேற்றினார்கள். இன்று உலகில் எங்கே தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்தாலும், அதன் மூதாதை இந்தப் பள்ளத்தாக்கில் மேய்ந்ததுதான்.

துயரம் முடியவில்லை. கொம்புக்காக இன்றும் கொல்கிறார்கள். 2023இல் தென்னாப்பிரிக்காவில் 499 காண்டாமிருகங்கள் கள்ள வேட்டைக்குப் பலியாயின. அவற்றுள் முந்நூறுக்கும் மேற்பட்டவை இந்த ஒரு மாகாணத்தில். அந்தக் கொம்பில் மருந்து ஏதுமில்லை. நம் நகத்திலும் முடியிலும் உள்ள பொருளே அதிலும் உள்ளது. வேறு வழியின்றி, 2024 முதல் இக்காட்டில் காண்டாமிருகங்களை மயக்கி, வலியில்லாமல் கொம்பை அறுத்துவிடுகிறார்கள். நகம்போல் அது மீண்டும் வளரும். ஆகவே அங்கே செல்லும் அன்பர்கள் படத்தில் கண்டது போன்ற நீண்ட கொம்பை எதிர்பார்க்க வேண்டாம். படம் எடுத்தாலும், எந்த இடத்தில் எப்போது கண்டோம் என்பதை உடனே பிறருக்கு அனுப்ப வேண்டாம். கள்ள வேட்டைக்காரர்களுக்கு அது வழிகாட்டும்.

இன்னொன்று: குடில்களைச் சுற்றிக் குரங்குகள் வரும். நம் மலைக்கோயில்களில் பழம் நீட்டுவது போல் நீட்டிவிடாதீர்கள். மனிதர் உணவுக்குப் பழகிய குரங்கு நாளடைவில் மூர்க்கமாகும். பிறகு அதைக் கொன்றுவிடவும் நேரும். அங்கே கொடுக்காமல் இருப்பதே கருணை.

முதல் இரண்டு நாட்களில் வரிக்குதிரைக் கூட்டத்தைக் கண்டோம். ஒட்டகச்சிவிங்கி முள்மரத்தின் உச்சியில் இலை பறிப்பதைக் கண்டோம். சிங்கத்தைக் காணவில்லை. காண்டாமிருகமும் கண்ணில் படவில்லை. நான்கு இரவுகள் வைத்தது எவ்வளவு நல்லதாயிற்று என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை. பனி விலகும் நேரம். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தி, விரலை உதட்டில் வைத்தார். புதருக்கு அப்பாலிருந்து ஒரு குட்டி முதலில் வெளியே வந்தது. அதன் பின்னால், பாறை ஒன்று நகர்வது போலத் தாய். முகத்தில் கொம்பு இருந்த இடத்தில் மழுங்கிய அடித்தண்டு மட்டும். முதுகில் சிறு பறவைகள் அமர்ந்து உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தன. பெயர் வெள்ளையே தவிர நிறம் சேற்று நிறம். வெள்ளைக் காண்டாமிருகத்தில் குட்டி எப்போதும் தாய்க்கு முன்னால் நடக்கும் என்று ஓட்டுநர் கிசுகிசுத்தார். பின்னாலிருந்து தாய் காவல்.

இருபது நிமிடம் எங்கள் வண்டிக்கருகே புல் மேய்ந்தன. அந்தப் புல் கத்தரிக்கும் ஓசையைத் தவிர வேறு ஒலியில்லை. என் மனைவி கைப்பேசியை எடுக்கவேயில்லை. பிறகு என் கையைத் தொட்டு, "வகுப்பு முடிஞ்சு பசங்களை முன்னால அனுப்பிட்டு நான் கடைசியா வெளிய வருவேன், ஞாபகமிருக்கா? அது மாதிரியே வருது பாருங்க" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. தாயும் சேயும் புதருக்குள் மறையும்போது, தாழ்ந்த குரலில் "சாவுபோனா" என்று சொல்லிக் கைகூப்பினார்.

நான்காம் நாள் சிங்கத்தின் கர்ச்சனையைத் தொலைவிலிருந்து கேட்டதோடு சரி. அதைப் பற்றி இருவருக்கும் குறையில்லை.

ஊர் திரும்பிய மறுவாரம், தாம் பணியாற்றிய பள்ளிக்குச் சென்று, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தார் என் மனைவி. அந்தக் கேள்வியை இந்த முறையும் ஒரு குழந்தை கேட்டதாம். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை; வீட்டுக்கு வந்தபோது அவர் முகமே சொல்லிற்று.

அண்ணாவுக்கும் பதில் தயார். செலவுக் கணக்கை முடித்து அந்தக் கோப்பை மூடியாயிற்று. இப்போது மேசையில் புதிய கோப்பு ஒன்று இருக்கிறது. மேலே 'பத்ரி' என்று எழுதியிருக்கிறேன். முதல் தாள், இதய மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்.